73 புள்ளிகள், 13 லட்சம் புள்ளிகள்

2013 ஜனவரியில் பல நாட்டுச் செய்தித்தாள்கள் ஏறக்குறைய ஒரே தலைப்பைப் போட்டன: அண்டத்திலேயே மிகப் பெரிய அமைப்பு கண்டுபிடிக்கப்பட்டது! இங்கிலாந்தின் மத்திய லங்காஷயர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஜர் கிளவ்ஸும் அவருடைய குழுவினரும், சிம்ம ராசியின் திசையில் 73 குவாசர்கள் (விண்மீன் போலப் புள்ளியாகத் தெரியும், மிகத் தொலைவிலுள்ள பிரகாசமான பொருள்கள்) ஒன்றையொன்று தொடர்ந்து நிற்பதாக அறிவித்திருந்தார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறத்தாழ 400 கோடி ஒளியாண்டு. அண்டத்தைப் போதுமான அளவு பெரிய கட்டங்களாகப் பகுத்தால் எந்தக் கட்டமும் மற்றொன்றைப் போலவே இருக்க வேண்டும் என்பது அண்டவியலின் அடிப்படை நம்பிக்கை. அந்தக் கட்டம் அதிகபட்சம் 120 கோடி ஒளியாண்டு இருந்தால் போதும் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட கணக்கு. அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் நீண்ட ஒன்று இருக்கிறதென்றால் அடித்தளமே ஆடுகிறது என்று எழுதினார்கள்.

சில மாதங்களில் மறுப்பு வந்தது. செய்தித்தாள்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் அப்போது இருந்த சேஷாத்ரி நடாதூர், கிளவ்ஸ் குழு கையாண்ட அதே முறையை எடுத்துக்கொண்டார். முறை எளிது. ஒவ்வொரு குவாசரையும் சுற்றி ஏறத்தாழ 33 கோடி ஒளியாண்டு தூரத்துக்குள் இன்னொன்று இருந்தால் இரண்டையும் கோட்டால் இணைக்க வேண்டும். அதிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது என்று போய்க்கொண்டே இருக்கலாம். நடாதூர் இதைக் கணினியில் தற்செயலாகத் தூவிய புள்ளிகளின்மேல் செய்து பார்த்தார். எந்த ஈர்ப்பு விசையும் தொடாத, யாருக்கும் யாரும் உறவில்லாத வெறும் புள்ளிகள். அவற்றிலும் இத்தகைய பிரமாண்டச் சங்கிலிகள் கிடைத்தன. இணைக்கும் தூரத்தைத் தாராளமாக வைத்தால் சங்கிலி தானாக நீளும். 400 கோடி ஒளியாண்டு என்ற நீளம் வானத்தைவிட அளவுகோலைப் பற்றியே அதிகம் பேசியது.

கிளவ்ஸ் தரப்பு இதை முழுவதும் ஏற்கவில்லை. அதே பல்கலைக்கழகத்திலிருந்து 2021-ல் 330 கோடி ஒளியாண்டு நீளமுள்ள 'ராட்சத வில்', 2024-ல் 'பெரிய வளையம்' என்று அறிவிப்புகள் தொடர்ந்தன. இவற்றை அறிவித்த அலெக்சியா லோபஸ், குவாசர்களை நேரடியாக எண்ணவில்லை. தூரக் குவாசரின் ஒளி வரும் வழியில் உள்ள கேலக்ஸிகளின் மக்னீசிய வாயு அந்த ஒளியில் விட்டுச்சென்ற தடங்களைக் கொண்டு வரைந்தார். வேலை நுட்பமானது, உழைப்பு உண்மையானது. ஆனாலும் வில், வளையம், சங்கிலி என்று வடிவப் பெயரோடு வரும் எந்தச் செய்தியையும் நான் இப்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் படிக்கிறேன். குவாசர்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதில் நமக்கு உறுதியாகத் தெரிந்தவை எல்லாம் வடிவம் பார்த்து வந்தவை அல்ல, எண்ணிப் பார்த்து வந்தவை.

எண்ணுவதற்கு முதலில் குவாசர் என்று ஒன்று இருப்பது தெரிய வேண்டுமே. அதற்கு நிலா உதவியது. 1962 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியால் சிரில் ஹசார்டும் உடனிருந்தவர்களும் 3சி 273 என்ற வானொலி மூலம் (வானொலி அலைகளை அனுப்பும் வான்பொருள்) நிலாவுக்குப் பின்னால் மறைந்து வெளிப்படுவதைப் பதிவு செய்தார்கள். நிலாவின் விளிம்பு எந்த நொடியில் எங்கே இருக்கும் என்பது துல்லியமாகத் தெரியும். சமிக்ஞை அறுந்த நொடியைக் குறித்துக்கொண்டால் மூலம் இருக்கும் இடம் கிடைத்துவிடும். நிகழ்வு அடிவானத்தை ஒட்டி நடந்ததால் 64 மீட்டர் தட்டை வழக்கமான எல்லையைத் தாண்டிச் சாய்க்க வேண்டியிருந்தது. கிடைத்த இடத்தில் சாதாரண நீல விண்மீன் போல ஒன்று இருந்தது. 1963 பிப்ரவரியில் அமெரிக்காவின் பாலோமர் ஆய்வகத்தில் மார்ட்டன் ஷ்மிட், அதன் நிறமாலையில் புரியாமல் நின்ற கோடுகள் நமக்கு நன்கு தெரிந்த ஹைட்ரஜன் கோடுகளே என்றும், அவை 16 சதவீதம் சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கின்றன என்றும் கண்டுகொண்டார். இன்றைய கணக்கில் தூரம் சுமார் 240 கோடி ஒளியாண்டு. அவ்வளவு தொலைவிலிருந்தும் சிறிய தொலைநோக்கியில் தெரிகிறதென்றால், ஒரு முழு கேலக்ஸியைவிடப் பல மடங்கு பிரகாசம். கேலக்ஸியின் நடுவில் உள்ள ராட்சதக் கருந்துளைக்குள் வாயு விழும்போது வெளிப்படும் வெளிச்சம் அது என்பது பிறகு தெளிவானது.

நிலா மறைப்பு முறைக்கென்றே அதன்பின் ஒரு தொலைநோக்கி எழுந்தது, நீலகிரியில். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் 1970-ல் முடிந்த ஊட்டி வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதே அளவு சரிவுள்ள மலைப்பக்கத்தைத் தேடிப்பிடித்து அதில் வடக்குத் தெற்காகக் கிடத்தியதால், தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், ஒரு மூலத்தைப் பல மணி நேரம் பின்தொடரலாம். பணமில்லாத நாடு மலைச்சரிவையே இயந்திரத்தின் ஒரு பாகமாக்கிக்கொண்ட இந்தப் புத்திசாலித்தனத்துக்கு நம் பாடநூல்களில் ஒரு பக்கமாவது கொடுத்திருக்கலாம்.

அங்கே நிலா மறைப்பின் மூலம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வானொலி மூலங்களின் அளவுகள் கிடைத்தன. மங்கலான மூலங்கள் சராசரியாகச் சிறியவையாகத் தெரிந்தன. 1975-ல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் வெளியிட்ட முடிவு இதுதான்: மங்கலானவை உண்மையாகவே தொலைவில், அதாவது கடந்த காலத்தில் இருக்கின்றன, அந்தக் காலம் இன்றைப் போல இல்லை. எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் அண்டம் என்ற நிலைமாறாக் கொள்கைக்கு கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரைலின் வானொலி மூல எண்ணிக்கைகள் ஏற்கெனவே கொடுத்திருந்த அடியை ஊட்டி இன்னொரு திசையிலிருந்து உறுதிசெய்தது.

இடையில் ஷ்மிட்டும் எண்ணத் தொடங்கியிருந்தார். 1968-ல் அவர் வகுத்த சோதனை அழகானது. ஒரு குவாசர் எவ்வளவு தூரம் வரை நம் கருவிக்குத் தெரியும் என்று கணக்கிடுங்கள். அந்தத் தூரம் அடைக்கும் கன அளவில், குவாசர் உண்மையில் இருக்கும் தூரம் வரையான பங்கு எவ்வளவு என்று பாருங்கள். சீராகப் பரவியிருந்தால் சராசரி 0.5 வர வேண்டும். வந்தது அதைவிடத் தெளிவாக அதிகம். குவாசர்கள் தொலைவை நோக்கி, அதாவது பழமையை நோக்கி நெருங்கிக் கிடந்தன. இன்று தெரிந்தவரை அவற்றின் பொற்காலம் சுமார் 1000 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. பிரகாசமான குவாசர்கள் அப்போது இன்றுள்ளதைவிட நூறு மடங்குக்கும் மேல் அடர்த்தி. அதற்கு முன்னே போனால் எண்ணிக்கை மறுபடி வேகமாகச் சரிகிறது. கருந்துளைகள் வளர நேரம் வேண்டும், பின்னாளில் அவற்றுக்குத் தீனி தீர்ந்துபோகிறது. எனவே குவாசர்களின் பரவலில் இடத்தைவிடக் காலத்தின் கைதான் ஓங்கியிருக்கிறது.

எண்ணுவதிலும் ஏமாறலாம் என்பதற்கு இந்தத் துறையிலேயே பெரிய உதாரணம் உண்டு. 1960-களின் பிற்பகுதியில் அதுவரை கிடைத்த குவாசர்களில் செம்பெயர்ச்சி (நிறமாலைக் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்த அளவு, தொலைவு கூடினால் இதுவும் கூடும்) 1.95-ஐ ஒட்டிக் கூட்டம் சேர்வதாக ஜெஃப்ரி பர்பிட்ஜ் கவனித்தார். பிறகு சில குறிப்பிட்ட எண்களில் அவை வரிசையாகத் திரள்வதாக ஒரு சூத்திரமே வந்தது. ஹால்டன் ஆர்ப், அருகிலுள்ள கேலக்ஸிகளை ஒட்டிக் குவாசர்கள் அளவுக்கு மீறித் தென்படுவதாகப் படம் படமாகக் காட்டி, அவை அந்த கேலக்ஸிகளிலிருந்தே வீசியெறியப்பட்டவை என்று வாதிட்டார். புணேயில் ஐயூகா நிறுவனத்தை உருவாக்கிய ஜெயந்த் நார்லிகரும் இந்த மாற்றுக் கட்சியில் கடைசிவரை நின்றவர். இவர்களைக் கிறுக்கர்கள் என்று ஒதுக்குவது எளிது. நான் அப்படிச் செய்ய மாட்டேன். குவாசர்களின் தூரம் உண்மையானதுதானா என்ற கேள்வியை மற்றவர்கள் ஒழுங்காகக் கேட்டுப் பதில் தேடியதற்கு இவர்களின் பிடிவாதம் ஒரு காரணம்.

அந்தப் பதில் கிடைத்த விதமும் நேர்த்தியானது. ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கில் உள்ள ஆங்கிலோ-ஆஸ்திரேலியத் தொலைநோக்கி, 2 டிகிரி அகல வானத்தில் 400 பொருள்களின் நிறமாலையை ஒரே நேரத்தில் ஒளியிழைகள் வழியே எடுக்கும் வசதி பெற்றிருந்தது. அந்தத் தரவை வைத்து 2002-ல் ஒரு குழு, கேலக்ஸியும் குவாசரும் அருகருகே தெரியும் 1,647 ஜோடிகளைத் திரட்டியது. செம்பெயர்ச்சியில் இடைவெளி ஒழுங்கு இருப்பதாகச் சொன்ன தரப்பிடமே, எந்தச் சோதனையைச் செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு, அதை மட்டும் செய்தது. ஒழுங்கு எதுவும் தென்படவில்லை.

திரள்வதாகத் தெரிவது ஏன் என்பதற்கு இன்னும் எளிய காரணங்கள் உண்டு. குவாசர்களைப் பெரும்பாலும் நிறத்தை வைத்துத்தான் கோடிக்கணக்கான விண்மீன்களுக்கிடையே பொறுக்கியெடுக்கிறார்கள். செம்பெயர்ச்சி 2.7 அளவில் குவாசரின் நிறம் நம் பால்வீதியின் சில வகை விண்மீன்களின் நிறத்தோடு கலந்துவிடுகிறது. அதனால் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவிலிருந்து நடந்த ஸ்லோன் டிஜிட்டல் வான் ஆய்வின் பழைய பட்டியல்களில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும். அங்கே அண்டம் காலியாக இல்லை, வடிகட்டிதான் கைவிட்டது. பால்வீதியின் தூசிப் பட்டை தன் பின்னால் உள்ளவற்றை மறைக்கிறது. தொலைநோக்கி ஓர் இரவு மேகத்தோடு போராடியிருந்தால் அந்தத் துண்டு வானத்தில் குவாசர் குறைவாகத் தெரியும். வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு வெறுமைக்கும் முதலில் பதில் சொல்ல வேண்டியது கருவிதான்.

ஆகவே உண்மையான திரட்சியை அளக்க வழி, போலி வானம் ஒன்றைத் தயாரிப்பது. தூசி, மேகம், விடுபட்ட துண்டுகள் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு அதற்குள் தற்செயல் புள்ளிகளை நிரப்புகிறார்கள். பிறகு இரண்டிலும் ஜோடிகளை எண்ணுகிறார்கள்: இவ்வளவு தூர இடைவெளியில் உண்மை வானத்தில் எத்தனை ஜோடி, போலி வானத்தில் எத்தனை? கூடுதலாக வருவதுதான் திரட்சி. குவாசர்களுக்குச் சுமார் 2.5 கோடி ஒளியாண்டு இடைவெளியில், தற்செயலாகக் கிடைப்பதைப் போல இரண்டு மடங்கு ஜோடிகள் கிடைக்கின்றன. ஆனால் ஒரு குவாசருக்கும் அடுத்ததற்கும் சராசரி இடைவெளி பல கோடி ஒளியாண்டு, பல தொகுப்புகளில் சில பத்துக் கோடி. அதனால் அத்தனை நெருக்கமான ஜோடிகளே அபூர்வம். ஆயிரக்கணக்கில் பட்டியல் இருந்தும் 1980-களிலும் 90-களிலும் இந்த எண் தள்ளாடியதற்குக் காரணம் அதுதான். ஆங்கிலோ-ஆஸ்திரேலிய ஆய்வு 2002-ல் 23,000-க்கும் மேற்பட்ட குவாசர்களோடு முடிந்தபோதுதான் நிலைத்தது.

அதிலிருந்து வந்த ஒரு முடிவு எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. ஒரு பொருள் எவ்வளவு திரள்கிறது என்பதிலிருந்து, அது குடியிருக்கும் கரும்பொருள் (ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் பொருள்) திரளின் நிறையைக் கணக்கிடலாம். கனமான திரள்கள் தங்களுக்குள் அதிகம் நெருங்கிக் கிடக்கும். குவாசர்களுக்கு வந்த விடை சில லட்சம் கோடி சூரிய நிறை, அதாவது நம் பால்வீதியைச் சுற்றியுள்ள கரும்பொருளைப் போலச் சில மடங்கு. 500 கோடி ஆண்டு முந்தைய குவாசரானாலும் 1100 கோடி ஆண்டு முந்தையதானாலும் இதே நிறைதான் வந்தது. அண்டத்தில் திரள்கள் எல்லாம் வளர்ந்துகொண்டே போக, குவாசர் மட்டும் ஒரே உடல்வாகு உள்ள வீட்டில்தான் தோன்றுகிறது. அப்படியானால் பழைய குவாசர்களின் வீடுகள் இன்று பெருத்துப்போய்ப் பெரிய கேலக்ஸிக் கூட்டங்களாகியிருக்கும், அவற்றுள் விளக்கு அணைந்திருக்கும்.

எவ்வளவு நேரம் எரிந்தது? இரவில் குன்றின்மேல் ஏறி ஊரைப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் எத்தனை வீடு என்பது தெரியும், இந்த நொடியில் எத்தனை வீட்டில் விளக்கெரிகிறது என்பதும் தெரிகிறது. ஒரு வீட்டில் சராசரியாக எவ்வளவு நேரம் விளக்கெரியும் என்று இரண்டையும் வைத்தே சொல்லிவிடலாம், விடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கரும்பொருள் திரள்களின் எண்ணிக்கை கோட்பாட்டிலிருந்து கிடைக்கிறது, எரிபவை குவாசர்கள். விடை சில பத்து லட்சம் ஆண்டுகளிலிருந்து சில கோடி ஆண்டுகள் வரை வருகிறது. கேலக்ஸியின் ஆயுளில் இது இமைப்பொழுது. மிகத் தொன்மையான குவாசர்களிடம் மட்டும் கதை மாறுகிறது. 2007-ல் ஸ்லோன் தரவைக் கொண்டு யூ ஷென் குழு காட்டியபடி, செம்பெயர்ச்சி 2.9-க்கு அப்பால் திரட்சி பல மடங்கு கடுமையாகிறது. அந்த இளம் அண்டத்தில் மிக அரிய, மிகக் கனமான திரள்களில்தான் விளக்கேற்ற முடிந்திருக்கிறது. ஏற்றிய விளக்குகள் நீண்ட நேரம் எரிந்தும் இருக்கின்றன.

மிக நெருங்கிய ஜோடிகள் தனிக் கதை. 1979-ல் பெருங்கரடி விண்மீன் குழுவில் 6 வினாடிக் கோண இடைவெளியில் இரண்டு குவாசர்கள் அச்சு அசலாக ஒரே நிறமாலையோடு தென்பட்டன. இரட்டையரில்லை, ஒரே குவாசர். இடையில் நிற்கும் கேலக்ஸியின் ஈர்ப்பு ஒளியை வளைத்து இரண்டாகக் காட்டியது. ஈர்ப்பு வில்லைக்குக் கிடைத்த முதல் சான்று அது. இத்தகைய போலிகளைக் கழித்த பிறகும் மிகச் சிறிய இடைவெளிகளில் உண்மை ஜோடிகள் எதிர்பார்ப்பைவிடக் கூடுதலாக மிஞ்சுகின்றன. மோதும் கேலக்ஸிகள் இரண்டிலும் ஒரே சமயம் கருந்துளைக்கு இரை கிடைப்பது காரணமாக இருக்கலாம்.

குவாசர்களை அளவுகோலாக்கிக்கொண்டதைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழந்தை அண்டத்தில் பரவிய ஒலி அலைகள் பொருளின் பரவலில் ஒரு தடம் விட்டுச்சென்றன. அதனால் சுமார் 50 கோடி ஒளியாண்டு இடைவெளியில் ஜோடிகள் ஒரு துளி கூடுதலாக இருக்கும். 2017-ல் 1,47,000 குவாசர்களைக் கொண்டு ஸ்லோன் குழு அந்தத் தடத்தைக் குவாசர்களிலேயே கண்டது. அப்போதெல்லாம் அலுமினியத் தட்டில் ஒவ்வொரு பொருளின் இடத்திலும் துளையிட்டு, ஒளியிழைகளை ஆட்கள் கையால் செருகுவார்கள். இப்போது அரிசோனாவின் கிட் பீக்கில் உள்ள டெசி கருவி 5,000 குட்டி ரோபோக்களால் இழைகளைத் தானே நகர்த்திக்கொள்கிறது. 2024-லும் 2025-லும் அது வெளியிட்ட அளவீடுகள், அண்டத்தின் விரிவை வேகப்படுத்தும் கருமை ஆற்றல் காலத்தோடு வலுவிழக்கிறதோ என்ற சந்தேகத்தைக் கிளப்பியிருக்கின்றன. 2025 முடிவில் பயன்பட்ட தொலைதூரக் குவாசர்கள் மட்டும் 8 லட்சத்துக்கும் மேல். அவற்றின் ஒளியில் இடைப்பட்ட ஹைட்ரஜன் மேகங்கள் பதித்த கோடுகளே அங்கே அளவுகோல்.

வடிவச் செய்திகளில் அண்மையில் வந்த ஒன்றை மட்டும் நான் சிரத்தையாகப் படித்தேன். ஜப்பானிய வானியலாளர் குழு 'அண்ட இமயம்' என்று பெயரிட்ட, சிறிய பகுதிக்குள் நெருக்கியடித்து நிற்கும் 11 குவாசர்கள். பெயருக்காக மயங்கவில்லை. அந்தக் குவாசர்கள் கேலக்ஸிகள் மிக அடர்ந்த உச்சியில் இல்லாமல் இரண்டு கேலக்ஸித் திரள்களுக்கு நடுவே கிடந்தன என்பதுதான் ஈர்த்தது. நெரிசலான இடத்தில்தான் குவாசர் பிறக்கும் என்ற நம் எளிய படத்துக்கு அது பொருந்தவில்லை. இத்தகைய நெருக்கம் தற்செயலாக வாய்க்கவே வாய்க்காது என்று முதலில் கணக்கிட்டார்கள். பிறகு கணினி அண்டங்களில் எண்ணிப் பார்த்த வேறொரு குழு, அரிய திரட்சிகளின் வாய்ப்பை வழக்கமான மணிவடிவ வளைவால் கணித்ததுதான் சிக்கல், சரியாக எண்ணினால் அது நம்ப முடியாத அளவு அரிதில்லை என்றது.

என் தூக்கத்தைக் கெடுப்பது வடிவமே இல்லாத வேறொரு எண்ணிக்கை. சூரியக் குடும்பம் நொடிக்கு 370 கிலோமீட்டர் வேகத்தில் நகர்வதாக, குழந்தை அண்டம் விட்டுச்சென்று வானமெங்கும் நிறைந்திருக்கும் பின்புலக் கதிர்வீச்சு சொல்கிறது. நகரும் திசையில் எல்லாமே சற்றுப் பிரகாசமாகவும் நெருங்கியும் தெரியும் என்பதால், அந்தப் பக்கம் குவாசர்களும் சற்று அதிகம் எண்ணப்பட வேண்டும். எவ்வளவு அதிகம் என்று கணக்கிடும் வழியை ஜார்ஜ் எல்லிஸும் ஜான் பால்ட்வினும் 1984-லேயே எழுதிவைத்தார்கள். சோதித்துப் பார்க்கப் போதிய குவாசர்கள் அப்போது இல்லை. 2021-ல் நேதன் செக்ரெஸ்ட், சுபிர் சர்க்கார் முதலானோர் வைஸ் அகச்சிவப்பு விண்கலம் பிடித்த 13 லட்சத்து 60 ஆயிரம் குவாசர்களை எண்ணினார்கள். திசை பெருமளவு ஒத்துப்போனது. ஆனால் ஆயிரத்துக்கு 7 என்று எதிர்பார்த்த ஏற்றத்தாழ்வு ஆயிரத்துக்கு 15 என்று வந்தது, இரண்டு மடங்கு!

குவாசர்களோடு ஒப்பிட்ட நம் வேகமும் பின்புலக் கதிர்வீச்சோடு ஒப்பிட்ட நம் வேகமும் வேறு வேறு என்று இதற்குப் பொருள் கொண்டால், கிளவ்ஸின் 73 புள்ளிகள் ஆட்டியதாகச் சொன்ன அதே அடித்தளத்தை இது உண்மையாகவே ஆட்டும். அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் தூசி, வடிகட்டி, விண்கலம் வானத்தை வருடிய வழி என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்படுகிறார்கள். காயியா விண்கலத்தின் தரவிலிருந்து தொகுத்த 13 லட்சம் குவாசர்களைக் கொண்டு பார்த்தபோது, பால்வீதிப் பட்டையைச் சுற்றி எவ்வளவு வானத்தை மூடி வைக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறியது. வானொலி மூலங்களைச் சேர்த்து எண்ணியவர்களுக்கோ முரண்பாடு இன்னும் வலுத்தது. என் சாய்வு தூசியின் பக்கம்தான், ஆனால் பந்தயம் கட்டுமளவுக்கு இல்லை. சிலியின் செரோ பச்சோனில் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்ட வேரா ரூபின் ஆய்வகம் பத்தாண்டுகளில் ஒரு கோடி குவாசர்களைத் தாண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அந்தப் பட்டியல் வரட்டும், எந்தத் துண்டு வானத்தை மூடி வைத்து எண்ணுவது என்ற சண்டை அங்கும் முதல் நாளே தொடங்கிவிடும்.